ஏட்டில் ஏறிய இதயம்

"ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது" என்பது தமிழர் வழக்கில் உள்ள பழமொழி. எழுத்தில் மட்டும் இருக்கும் பொருள் வயிற்றை நிரப்பாது என்பது அதன் கருத்து. ஆயின், முதுமையில் தளர்ந்து, நான்கு படி ஏறுவதற்குள் மூச்சு வாங்கி, அரசாங்க அலுவலகத்தின் வாயிலில் வந்து நின்ற முன்னாள் படைவீரர்களின் வரலாற்றை நோக்கினால் இப்பழமொழி தலைகீழாகிவிடுகிறது. அங்கே ஏட்டில் இருந்த சுரைக்காய்தான் கறிக்கு உதவிற்று. ஏட்டில் ஏறாதது, கொடியில் காய்த்துத் தொங்கியதை ஊரே கண்டிருந்தும், காய்க்காததாகவே கொள்ளப்பட்டது.

போரில் காலை இழந்தவன் தன் காலைக் காட்டலாம். கண்ணை இழந்தவன் தன் முகத்தைக் காட்டலாம். இதயம் கெட்டவன் எதைக் காட்டுவான்? அவனுடைய காயம் நெஞ்சுக்கூட்டிற்குள் மறைந்து கிடக்கிறது. அது போர்க்களத்தில் ஏற்பட்டதா, பிறப்பிலேயே வந்ததா, முதுமையின் இயல்பா என்று கேட்டால் விடை கூற அவனிடம் இருப்பது பழைய மருத்துவக் குறிப்பு ஒன்றே. அக்குறிப்பைத் தேடி அலைந்த மனிதர்களின் கதை அமெரிக்க ஐக்கிய நாடுகளின் வரலாற்றில் ஒன்றரை நூற்றாண்டுக்கு மேல் நீள்கிறது.

எட்டு டாலரும் ஒரு சான்றும்

1861ஆம் ஆண்டு தொடங்கிய அமெரிக்க உள்நாட்டுப் போர், அதுவரை அந்நாடு கண்டிராத எண்ணிக்கையில் ஊனமுற்றோரையும் நோயாளிகளையும் உண்டாக்கிற்று. போர் நடந்துகொண்டிருக்கும்போதே, 1862ஆம் ஆண்டு ஜூலை 14ஆம் நாள், அதிபர் ஆபிரகாம் லிங்கன் ஓய்வூதியச் சட்டத்தில் கையொப்பமிட்டார். முற்றும் உழைக்க இயலாத நிலையடைந்த சாதாரணப் படைவீரனுக்கு மாதம் 8 டாலர் என்று அச்சட்டம் வகுத்தது. அதனுடன் ஒரு நிபந்தனையும் இருந்தது. அந்த ஊனமோ நோயோ படைப்பணியின் நேர்விளைவாக ஏற்பட்டதென்று மனுதாரர் மெய்ப்பிக்க வேண்டும்.

அரசு நியமித்த மருத்துவர்கள் மனுதாரரைச் சோதித்தனர். நெஞ்சில் காது வைத்துக் கேட்டனர், நாடியை எண்ணினர், பின்னர், முழு ஊனத்தைப் பதினெட்டுப் பங்காக வகுத்து, அதில் இத்தனை பங்கு இவருக்கு உண்டு என்று சான்றிதழ் எழுதினர். ஒரு மனிதனின் மூச்சிரைப்பு இவ்வாறு பின்னக்கணக்காயிற்று. சோதனை மேசையில் மருத்துவர் கண்டது மனுதாரரின் இன்றைய இதயத்தை மட்டுமே. போர்க்காலத்தில் அவ்விதயம் எவ்வாறு இருந்தது என்பதை அறியப் படைமருத்துவமனையின் பழைய ஏடுகளைப் புரட்ட வேண்டியிருந்தது.

படைவீரர் இதயம்

அவ்வேடுகளில் புதியதொரு நோய் தென்படலாயிற்று. பிலடெல்பியா நகரின் டர்னர்ஸ் லேன் படைமருத்துவமனையில் பணியாற்றிய ஜேக்கப் மெண்டஸ் டா கோஸ்டா என்னும் மருத்துவர், உடலில் குண்டுக்காயம் எதுவுமின்றி நெஞ்சு படபடப்பாலும் நெஞ்சுவலியாலும் மூச்சுத் திணறலாலும் துன்புற்ற வீரர்களைக் கண்டார். அவர்களுள் பலர் காய்ச்சலோ வயிற்றுப்போக்கோ கண்டு தேறியவர்கள். பலர் நெடுந்தொலைவு விரைந்து நடத்திச் செல்லப்பட்டவர்கள். படுக்கையில் ஓய்ந்திருக்கும்போது சீராக ஓடிய நாடி, எழுந்து நின்றவுடன் துள்ளி ஓடிற்று. முந்நூறுக்கு மேற்பட்ட நோயாளிகளைக் கவனித்து எழுதிவைத்த குறிப்புகளைக் கொண்டு அவர் 1871ஆம் ஆண்டு வெளியிட்ட ஆய்வு மருத்துவ வரலாற்றில் நிலைபெற்றது. இந்நிலைக்குப் 'படைவீரர் இதயம்' என்ற பெயரும், பின்னாளில் 'டா கோஸ்டா நோய்க்குறி' என்ற பெயரும் வழங்கலாயின.

முதல் உலகப் போரின்போது பிரிட்டிஷ் மருத்துவர் தாமஸ் லூயிஸ் இதே வகை நோயாளிகளை ஆராய்ந்து 1918ஆம் ஆண்டு ஒரு நூல் எழுதினார். இவர்களுள் பெரும்பாலோரின் இதயத்தசை கெடவில்லை என்பதும், உழைப்பைத் தாங்கும் ஆற்றலே குன்றியிருக்கிறது என்பதும் அவர் முடிவு. மருத்துவத்திற்கு இம்முடிவு வெளிச்சமாக அமைந்தது. உதவித்தொகை கேட்டு நின்றவனுக்கோ இது புதிய குழப்பமாயிற்று. நோய் உண்டு, அதற்குரிய புண் இதயத்தில் இல்லை. மருத்துவம் பெயரை மாற்றும்போதெல்லாம் பழைய ஏட்டில் எழுதப்பட்ட பெயருக்கு என்ன மதிப்பு என்ற கேள்வி எழுந்தது.

நாடகக் கொட்டகையில் அடுக்கிய ஏடுகள்

போர் முடிந்து இருபது ஆண்டுகள் கழிந்தபோது மனுக்கள் மலைபோல் குவிந்தன. ஒரு வீரன் எந்த நாளில் எந்த மருத்துவமனையில் என்ன நோயுடன் கிடந்தான் என்பதைக் கண்டறிய எழுத்தர்கள் கிழிந்த பெரும்பேரேடுகளைப் பக்கம் பக்கமாகப் புரட்டினர். ஒரே ஏடு ஆயிரம் கைகளில் புரண்டு நைந்தது. 1880களின் பிற்பகுதியில் இப்பொறுப்பை ஏற்ற பிரெட் எய்ன்ஸ்வொர்த் என்பவர் படைமருத்துவராக இருந்தவர். பேரேடுகளில் சிதறிக் கிடந்த செய்திகளை ஆளுக்கொரு அட்டையாகப் படியெடுத்து அடுக்கும் முறையை அவர் நிறுவினார். மருத்துவமனையில் கழித்த நாள், நோயின் பெயர், வெளியேறிய நாள் ஆகியவை அட்டையில் ஏறின. மாதக்கணக்கில் கிடந்த விசாரணைகளுக்கு விரைவில் விடை கிடைக்கலாயிற்று.

இந்த ஏடுகள் வைக்கப்பட்டிருந்த கட்டடத்திற்கு ஒரு வரலாறு உண்டு. அது வாஷிங்டன் நகரின் போர்டு நாடக அரங்கம். ஓய்வூதியச் சட்டத்தில் கையெழுத்திட்ட லிங்கன் 1865ஆம் ஆண்டு சுடப்பட்ட அதே அரங்கத்தை அரசு கையகப்படுத்தி அலுவலகமாக்கியிருந்தது. 1893ஆம் ஆண்டு ஜூன் 9ஆம் நாள், அடித்தளத்தில் பள்ளம் தோண்டும் வேலை நடந்துகொண்டிருக்கையில் கட்டடத்தின் உட்தளங்கள் இடிந்து வீழ்ந்தன. 22 எழுத்தர்கள் மாண்டனர். படைவீரரின் ஏட்டைக் காத்த பணியில் உயிர் நீத்த அவர்களைப் பற்றி வரலாற்று நூல்கள் அதிகம் பேசுவதில்லை.

ஏடுகள் எல்லார்க்கும் ஒன்றுபோல் கைகொடுக்கவில்லை. வடவர் படையில் ஏறத்தாழ 180,000 கறுப்பின வீரர்கள் பணியாற்றினர். அவர்களுள் பெரும்பகுதியினர் அடிமைகளாய்ப் பிறந்தவர்கள். அடிமைக்குப் பிறப்புச் சான்றோ, சட்டம் ஏற்கும் திருமணப் பதிவோ கிடையாது. முதலாளியின் குடும்பப் பெயரில் படையில் சேர்ந்தவர், விடுதலைக்குப் பின் தாமே தேர்ந்த பெயரில் வாழ்ந்தார். ஏட்டில் இருப்பவனும் வாயிலில் நிற்பவனும் ஒருவனே என்று மெய்ப்பிக்க உடன் போரிட்ட தோழர்களின் உறுதிமொழிகளையே அவர்கள் நம்பியிருக்க நேர்ந்தது. எழுத்து இல்லாத இடத்தில் தோழனின் வாய்மொழி சாட்சியாக நிற்பது இவ்வரலாற்றில் பின்னரும் தொடர்ந்து வரும்.

1890ஆம் ஆண்டுச் சட்டம் இக்கட்டைப் பெரிதும் தளர்த்திற்று. தொண்ணூறு நாள் படைப்பணியும் நற்சான்றுடன் கூடிய விடுவிப்பும் இருந்து, தீயொழுக்கத்தால் வராத ஊனத்தால் உழைக்க இயலாத எவருக்கும், அந்த ஊனம் போரில் வந்ததா என்று கேளாமலே, மாதம் 6 முதல் 12 டாலர் வரை வழங்க அது வழிசெய்தது. அடுத்த சில ஆண்டுகளில் மத்திய அரசின் வருவாயில் ஏறத்தாழ ஐந்தில் இரண்டு பங்கு ஓய்வூதியத்திற்கே சென்றது. செலவைக் கண்டு மலைத்தவர்கள் பொய் மனுக்கள் பெருகிவிட்டன என்று குற்றம் சாட்டினர். உண்மையான நோயாளி ஒருவனைத் திருப்பி அனுப்புவது கொடிதா, பொய்யன் ஒருவனுக்குப் பணம் கொடுப்பது கொடிதா என்ற வழக்கு அன்று தொடங்கியது, இன்றளவும் முடிந்தபாடில்லை.

மூன்று கண்ணிகள்

இருபதாம் நூற்றாண்டில் இப்பணி தனித் துறையாக வளர்ந்தது. 1930ஆம் ஆண்டு படைவீரர் நிருவாகம் அமைந்தது; 1989ஆம் ஆண்டு அஃது அமைச்சரவைத் தகுதியுள்ள துறையாயிற்று. பதினெட்டில் பங்கு காணும் பழைய முறை மறைந்து நூற்றுவீதம் வந்தது. இதயநோயாளி எவ்வளவு உழைப்பைத் தாங்குகிறார் என்று அளந்து பத்து, முப்பது, அறுபது, நூறு விழுக்காடு என ஊனம் மதிப்பிடப்படுகிறது. துணி உடுத்துவது போன்ற சிறு வேலைக்கே மூச்சு முட்டுபவரும், மலையேறினால் மட்டும் களைப்பவரும் ஒரே தட்டில் நிறுக்கப்படுவதில்லை.

மனுவின் அடிப்படை மட்டும் மாறவில்லை. அது மூன்று கண்ணிகள் கோத்த சங்கிலி. இன்று நோய் இருக்க வேண்டும். படைப்பணிக் காலத்தில் அதற்குரிய நோயோ காயமோ நிகழ்ச்சியோ இருந்திருக்க வேண்டும். இரண்டையும் இணைக்கும் மருத்துவக் கருத்து இருக்க வேண்டும். முதற்கண்ணியை இன்றைய மருத்துவர் தருவார். மூன்றாவதையும் அவரே ஆராய்ந்து எழுதக்கூடும். நடுக்கண்ணி பழைய ஏட்டில் இருக்கிறது.

மூட்டுவாதக் காய்ச்சல் இதற்குத் தெளிவான எடுத்துக்காட்டு. தொண்டையில் ஒருவகை நுண்ணுயிர் தொற்றிப் புண் உண்டாகிறது. சில வாரங்கள் கழித்துக் காய்ச்சலும் மூட்டுவீக்கமும் வருகின்றன. அவை தாமே வடிந்துவிடுகின்றன. இதயத்தின் தடுக்கிதழ்களோ மெல்ல மெல்லத் தடித்துச் சுருங்குகின்றன. இருபது முப்பது ஆண்டுகள் கழித்தே மூச்சிரைப்புத் தோன்றக்கூடும். நெருக்கமாக வீரர்கள் தங்கும் பயிற்சி முகாம்களில் இந்நோய் இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் பெருகிப் பரவிற்று. வயோமிங் மாநிலத்து வாரன் விமானப்படைத் தளத்தில் அமைந்த ஆய்வுக்கூடம், தொண்டைப்புண்ணுக்கு உரிய காலத்தில் பெனிசிலின் கொடுத்தால் காய்ச்சலைத் தடுக்கலாம் என்று காட்டியமைக்காக 1954ஆம் ஆண்டு லாஸ்கர் விருது பெற்றது.

இருபது வயதில் முகாம் மருத்துவமனையில் பத்து நாள் கிடந்த ஓர் இளைஞனை எண்ணிப் பார்க்கலாம். 'தொண்டைப்புண், காய்ச்சல், முழங்கால் வீக்கம்' என்று எவரோ ஒரு மருத்துவ உதவியாளர் அவசரமாகக் கிறுக்கிய ஒரு வரி. அவ்விளைஞன் அதனை மறந்தே போயிருப்பான். ஐம்பது வயதில் தடுக்கிதழ் பழுதுபட்டு அவன் மனுச் செய்யும்போது, அந்த ஒரு வரியே அவனுக்கும் அவன் குடும்பத்திற்கும் சோறிடும். இதயம் என்ற சொல் அவ்வரியில் இல்லாதிருப்பினும், நோயின் போக்கை அறிந்த மருத்துவர் அதனைப் படித்துணர்வார்.

ஏடு காட்டாத இடத்திலும் சட்டம் சில ஊன்றுகோல்களை வழங்கிற்று. படையில் சேரும்போது நடந்த சோதனையில் குறிக்கப்படாத நோய் அப்போது இல்லை என்றே கொள்ளப்படும். அதனை மறுக்கும் பொறுப்பு அரசைச் சேரும். இரத்தக் கொதிப்பு உள்ளிட்ட சில நாட்பட்ட நோய்கள் விடுவிப்புக்குப் பின் ஓராண்டுக்குள் குறித்த அளவில் வெளிப்பட்டால் பணியிலேயே தோன்றியவையாகக் கருதப்படும். இருதரப்புச் சான்றுகளும் சமமாக நிற்குமாயின், ஐயத்தின் பயன் படைவீரருக்கே உரியது.

பதினாறு மில்லியன் ஏடுகள் எரிந்த நாள்

1973ஆம் ஆண்டு ஜூலை 12ஆம் நாள், நள்ளிரவு கடந்து சிறிது நேரத்தில், மிசூரி மாநிலம் செயின்ட் லூயிஸ் நகரையடுத்த தேசியப் படைப்பணியாளர் ஆவண நிலையத்தில் தீப்பற்றிற்று. ஆறாவது மாடி எரிந்தது. ஆவணங்கள் அடுக்கியிருந்த தளத்தில் தானே நீர் தெளிக்கும் குழாய்கள் இல்லை. தீ முற்றும் தணிய நான்கு நாட்களுக்கு மேல் ஆயிற்று. 16 முதல் 18 மில்லியன் ஏடுகள் அழிந்தன. 1912 நவம்பருக்கும் 1960 ஜனவரிக்கும் இடையே விடுவிக்கப்பட்ட தரைப்படையினரின் ஏடுகளில் எண்பது விழுக்காடு போயிற்று. அவற்றுக்கு மறுபடி இல்லை. நுண்படச் சுருளும் இல்லை. இரு உலகப் போர்களிலும் கொரியப் போரிலும் சென்றுவந்த மனிதர்களின் நடுக்கண்ணி ஒரே தீயில் சாம்பலாயிற்று.

அதன்பின் மனுச் செய்தவர்களுக்குத் 'தங்கள் ஏடு எரிந்துவிட்டது' என்ற விடையே வந்தது. தன் குற்றம் ஏதுமின்றி ஏட்டை இழந்தவன் தன் உரிமையையும் இழக்க வேண்டுமா? 1991ஆம் ஆண்டு படைவீரர் மேல்முறையீட்டு நீதிமன்றம் இதற்கு விடை கூறிற்று. அரசின் காவலில் இருந்த ஏடு அழிந்திருந்தால், சான்றுகளை ஆராய்வதிலும், முடிவுக்குக் காரணம் கூறுவதிலும், ஐயத்தின் பயனை எண்ணிப் பார்ப்பதிலும் துறைக்கு வழக்கத்தினும் மிகுந்த கடமை உண்டு என்பது அதன் தீர்ப்பு.

சாம்பலிலிருந்து மாற்றுச் சான்றுகளும் தேடப்பட்டன. படைப்பிரிவுகளின் அன்றாடக் காலை அறிக்கைகளில் எவர் நோயுற்று மருத்துவமனை சென்றார் என்ற குறிப்பு இருந்தது. மருத்துவமனையில் சேர்ந்தோரின் விவரங்களைப் புள்ளியியலுக்காகப் படை மருத்துவத் தலைமையகம் தொகுத்திருந்தது. 1942 முதல் 1945 வரையும் 1950 முதல் 1954 வரையும் உள்ள அக்கணினி நாடாக்கள் 1988ஆம் ஆண்டு ஆவண நிலையத்தை அடைந்தன. வீரர் வீட்டுக்கு எழுதிய கடிதம், பழைய புகைப்படம், ஊர் மருத்துவரின் குறிப்பேடு, உடன் பணியாற்றிய தோழரின் உறுதிமொழி ஆகிய யாவும் சான்றாக ஏற்கப்பட்டன. கறுப்பின வீரருக்கு அன்று சாட்சி நின்ற தோழனின் சொல் நூறாண்டு கடந்து மீண்டும் மதிப்புப் பெற்றது.

ஏட்டின் சுமையை இறக்கிய சட்டம்

தீ கற்பித்த பாடத்தைக் காட்டிலும் பெரிய பாடம் ஒன்று வியட்நாம் போரிலிருந்து வந்தது. 1962 முதல் 1971 வரை அமெரிக்கப் படை அந்நாட்டுக் காடுகளின்மீது இலையுதிர்க்கும் நஞ்சினைத் தெளித்தது. 'ஏஜென்ட் ஆரஞ்சு' என்பது அதன் வழக்குப் பெயர். எவர்மீது எந்நாளில் எவ்வளவு நஞ்சு பட்டது என்று எந்த மருத்துவக் குறிப்பும் எழுதப்படவில்லை. எழுதப்படாததை எவ்வாறு காட்டுவது? வியட்நாமில் பணியாற்றியவர் அனைவரும் நஞ்சுக்கு ஆட்பட்டவர் என்றே கொள்வோம் என்று 1991ஆம் ஆண்டுச் சட்டம் விடை கண்டது. 2010ஆம் ஆண்டு ஆகஸ்டு 31ஆம் நாள், இரத்தக்குழாய் அடைப்பால் வரும் இதயநோய் அந்நஞ்சின் விளைவாகக் கருதப்படும் நோய்களின் பட்டியலில் சேர்ந்தது. 2022ஆம் ஆண்டு இரத்தக் கொதிப்பும் சேர்க்கப்பட்டது.

2010இல் நிகழ்ந்த மற்றொன்று கவனத்திற்குரியது. முன்னர் மறுக்கப்பட்டிருந்த ஏறத்தாழ 90,000 மனுக்களைத் துறை மீண்டும் எடுத்து ஆராய்ந்தது. வியட்நாம் படைவீரர்கள் தொடுத்த பழைய வழக்கொன்றின் தீர்வு அதற்குக் கட்டளையாக இருந்தது. என்றோ ஒருநாள் இதயநோய்க்காக மனுச் செய்து, 'இல்லை' என்ற விடையுடன் வீடு திரும்பியவரின் அந்த மனுவே, அன்றைய நாளிலிருந்து நிலுவைத் தொகை பெறும் உரிமையைத் தந்தது. எழுதாமல் இருந்துவிட்டவருக்கு அந்நாள் இல்லை.

சயாம் பாதையில் இரு கூட்டத்தார்

இவ்வரலாற்றின் ஒரு கிளை மலாயா மண்ணையும் தொட்டுச் செல்கிறது. 1942ஆம் ஆண்டு ஜாவாவில் ஜப்பானியரிடம் சிறைப்பட்ட அமெரிக்கர்கள் சிங்கப்பூரின் சாங்கி முகாம் வழியே பர்மாவுக்குக் கொண்டு செல்லப்பட்டனர். மூழ்கிய 'ஹூஸ்டன்' போர்க்கப்பலின் மாலுமிகளும் டெக்சாஸ் பீரங்கிப் பிரிவினருமாக 600க்கும் மேற்பட்டோர் சயாம்-பர்மா ரயில் பாதையில் உழைத்தனர். தீட்டிய அரிசிச் சோற்றால் அவர்களுக்கு பெரிபெரி நோய் கண்டது. கால்கள் வீங்கின, இதயம் விரிந்து தளர்ந்தது. அரிசியே பெரிபெரிக்குக் காரணம் என்பதை 1905ஆம் ஆண்டு தொடங்கிக் கோலாலம்பூர் மனநல மருத்துவமனையில் ஆராய்ந்து காட்டியவர் வில்லியம் பிளெட்சர். புழுங்கலரிசி உண்ட தமிழ்த் தொழிலாளரை அந்நோய் அரிதாகவே தாக்கியது என்பதும் மலாயா மருத்துவர்கள் அக்காலத்திலேயே அறிந்த செய்தி.

சிறைமுகாமில் முறையான மருத்துவ ஏடு ஏது? நேச நாட்டு மருத்துவர்கள் கிடைத்த தாளில் எழுதி ஒளித்து வைத்தவையே எஞ்சின. ஆகவே அமெரிக்கச் சட்டம் போர்க்கைதிகளுக்கெனத் தனி வழி வகுத்தது. சிறைவாழ்வில் கால் வீக்கம் கண்டவருக்குப் பிற்காலத்தில் வரும் இரத்தக்குழாய் அடைப்பு இதயநோய், பெரிபெரி இதயநோயின் பாற்பட்டதாக 1990களில் ஏற்கப்பட்டது. 2004ஆம் ஆண்டு முதல் அக்கால் வீக்கத்தையும் காட்டத் தேவையில்லை என்றாயிற்று. அவர் கைதியாக இருந்தார் என்பதே போதுமான சான்று.

அதே பாதையில் வேறொரு கூட்டமும் உழைத்தது. மலாயாத் தோட்டங்களிலிருந்து கொண்டு செல்லப்பட்ட தமிழர்களும், பர்மியரும், ஜாவானியரும், மலாய்க்காரரும், சீனரும் அக்கூட்டத்தில் இருந்தனர். போர்க்கைதிகளில் 12,000க்கும் மேற்பட்டோர் மாண்டனர். காஞ்சனபுரியில் அவர்களுட் பலருடைய கல்லறைகளில் பெயரும் படைப்பிரிவும் பொறிக்கப்பட்டுள்ளன. மாண்ட ஆசியத் தொழிலாளர்களோ 80,000 முதல் 100,000 வரை என்று மதிப்பிடப்படுகிறது. இருபதாயிரம் உயிர்கள் மதிப்பீட்டின் இடைவெளியிலேயே நின்றுவிட்டன. அவர்களுக்குச் சேர்க்கைப் பட்டியல் இல்லை. விடுவிப்புச் சான்று இல்லை. மருத்துவக் குறிப்பு இல்லை. தோட்டத்துக்குத் திரும்பி வந்தவரின் இதயம் பின்னாளில் பழுதுபட்டபோது, இஃது எங்கே வந்தது என்று கேட்க ஓர் அலுவலகமும் இல்லை.

ஒரே வெயிலில், ஒரே மழையில், ஒரே தண்டவாளத்தின் இருபுறமும் உழைத்த இரு மனிதருள் ஒருவருக்கு அறுபது ஆண்டு கழித்தும் சட்டம் கதவு திறந்தது. மற்றவருக்குப் பெயரே எஞ்சவில்லை. முன்னவருக்குக் கிடைத்தது சலுகையாகாது; நியாயம்தான். அந்நியாயம் ஏடு என்னும் வாயில் வழியாகவே வருவது என்பதை இவ்வரலாறு காட்டுகிறது. ஏடு இல்லாதவரையும் உள்ளே அழைக்கும் சட்டத்தை இயற்ற ஒரு நாட்டுக்கு ஒன்றரை நூற்றாண்டு பிடித்தது. அதற்கும் அவர்கள் படையில் இருந்தார்கள் என்ற ஒரு வரியாவது ஏட்டில் இருக்க வேண்டியிருந்தது.

சயாமுக்குச் சென்று மீண்டோரின் நினைவுகள் மலேசியத் தமிழ்க் குடும்பங்கள் பலவற்றில் பாட்டனார் பாட்டியார் சொன்ன கதைகளாக இன்னும் உள்ளன. எந்தத் தோட்டம், எந்த ஆண்டு, உடன் சென்றவர் எவர், திரும்பியவர் எவர், திரும்பியபின் என்ன நோய் கண்டார் என்று கேட்டு எழுதிவைப்பது வரலாற்று மாணவர் எவரும் செய்யக்கூடிய பணி. முகாம் மருத்துவமனையில் ஒருவர் கிறுக்கிய ஒரு வரி முப்பது ஆண்டு கழித்து ஒரு குடும்பத்தைக் காத்தது. இன்று ஒரு மாணவர் தம் குறிப்பேட்டில் எழுதும் ஒரு வரி யாருக்கு என்று உதவும் என்பதை எழுதும்போதே எவரும் அறிய முடியாது. ஆதலால் எழுதிவைப்பதே தக்கது.